பதினைந்து அடி ஒரு அங்குலம்

பாதி வீடு ஒன்று பின்னால் வந்துகொண்டிருக்கும்போது நிம்மதியாக வண்டி ஓட்டினேன் என்று எவளாவது சொன்னால், அவள் புளுகுகிறாள் என்று அர்த்தம். எழுபதடி நீளம், பதினாறடி அகலம். சமையலறை அலமாரி முதற்கொண்டு பொருத்தி முடித்த வீடு. மற்றப் பாதியோடு சேரவேண்டிய பக்கத்தில் சுவர் கிடையாது, பிளாஸ்டிக் தாளை இழுத்து ஆணி அடித்திருப்பார்கள். ஹாய்ட் பில்லிங்ஸ்லி அதைத் தன் ட்ரக்கில் பூட்டி, இரண்டு லேனை அடைத்துக்கொண்டு வருகிறார். அவருக்கு முன்னால் வழி சொல்லிக்கொண்டு போகிறவள் நான், லூரீன். பின்னால் காவலுக்கு வருபவன் ரான்டெல்.

என் காரின் முன் பம்பரில் நீளமாக ஒரு கழி நட்டிருக்கும். வீட்டின் உயரத்துக்கு மேல் மூன்று அங்குலம் கூட்டி அதை நிறுத்துவோம். பாலத்தில் கழி தட்டினால் ‘டிக்’கென்று கேட்கும். கேட்டவுடன் ரேடியோவில் கத்த வேண்டும். கழி தட்டாமல் போனால் வீடும் தட்டாமல் வரும். எங்கள் தொழிலின் வேதம் இவ்வளவுதான்.

மணி இரண்டு ஐம்பது. மூன்றரைக்கு மேல் அகலச் சுமைகளுக்கு பர்மிங்ஹாம் நகரம் கதவடைத்துவிடும். ஜாஸ்பர் அருகே வீட்டின் டயர் ஒன்று வெடித்து ஒன்றரை மணி நேரத்தைத் தின்றிருந்தது. அறுபத்தைந்தாம் எண் சாலையில் தெற்கே இறங்கி, மக்கர் சந்தியைத் தாண்டி, நகரத்துக்கு வெளியே போய்விட வேண்டும். மக்கர் சந்தி என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். மூன்று நெடுஞ்சாலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இறங்கி, பின்னிக்கொள்ளும் இடம். அதை வரைந்தவன் மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும்.

“எந்த லேன், தாயி?” ஹாய்ட்டின் குரல் ரேடியோவில் கரகரத்தது.

“இடதுல இருந்து ரெண்டாவது. அப்படியே வாங்க. வலதுபக்கம் ரெண்டும் இருபதாம் நம்பர் ரோட்டுக்குப் பிச்சுக்கிட்டுப் போகுது. அதுல கால வெச்சோம்னா அட்லாண்டா போய்த்தான் திரும்பணும்.”

“அட்லாண்டால எனக்கு ஒரு மச்சினி இருக்கா. சோறு போடமாட்டா.”

“அக்கா, ஒரு சிவப்பு வேன்காரன் முட்டிக்கிட்டு நிக்கிறான்” என்றான் ரான்டெல். வாயில் வேகவைத்த கடலை இருப்பது குரலிலேயே தெரிந்தது. “கதவச் சாத்தவா?”

“சாத்து. ரெண்டு லேனையும் சாத்து. கடலைய அப்பறம் தின்னு.”

கதவைச் சாத்துவது என்றால், பின்வண்டிக்காரன் இரண்டு லேனுக்கும் நடுவில் காரை ஓட்டி யாரையும் முன்னே விடாமல் மறிப்பது. ஊர் முழுவதும் அவன் தாயைத் திட்டும். ரான்டெலுக்கு அது பழகிவிட்டது.

எனக்குத்தான் எதுவும் பழகவில்லை. இருபத்திரண்டு மாதம் கழித்து இந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். மான்ட்கமரி அருகே ஒரு பாலத்தில், நான் வழிகாட்டிப் போன வீட்டின் கூரை சீவிக்கொண்டு போயிற்று. நான் கழியைக் குறைவாக வைத்துவிட்டேன். போலீஸ் வந்து, “உயரம் அளந்தது யாரு?” என்று கேட்டபோது நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உயரம் எழுதிய பெர்மிட் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தது டிரைவர் டெல்மர். அவன் என்னைப் பார்த்தான், பிறகு போலீஸைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் உரிமம் போயிற்று, ட்ரக்கை விற்றான். கூரை போனதற்காக இந்தத் தொழிலில் யாரும் என்னைத் திட்டவில்லை. கூரை யாருக்கும் போகும். அளப்பது முன்னால் போகிறவள்தான் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும், அப்படியும் நான் வாய் திறக்காததுதான் ஊர் ஊராகப் போயிற்று. அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. கோழித் தொழிற்சாலையில் தொடை வெட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஹாய்ட் கூப்பிட்டார். அவருடைய வழக்கமான முன்வண்டிக்காரிக்குப் பித்தப்பை ஆபரேஷன். “ஒரு வீடு. ஒழுங்கா கொண்டுபோய்ச் சேத்தா அப்பறம் பேசுவோம்” என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒரு வீடு போய்ச் சேர்ந்தால் என் பிழைப்பு எனக்குத் திரும்பக் கிடைக்கும். சேராவிட்டால் ஆயுளுக்கும் கோழித் தொடைதான்.

மேலே ஒரு பாலம் வந்தது. பாலங்களின் உயரம் எழுதிய வழித்தாளில் பதினைந்தடி ஏழு அங்குலம் என்று போட்டிருந்தது. என் கழி பதினைந்தடி நான்கு அங்குலத்தில் நின்றது. சத்தமில்லாமல் தாண்டினேன்.

“பாலம் சுத்தம். வாங்க.”

“வர்றேன்.” சற்றுக் கழித்து, “லூரீன், மேல ஏதோ பரபரன்னுச்சே.”

கண்ணாடியில் பார்த்தேன். கூரையின் முன் உச்சியில் பிளாஸ்டிக் தாள் கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தது.

“காத்துதான்” என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கே சந்தேகம் தட்டியது. அது காற்று இல்லை.

காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வீடு கட்டும் தொழிற்சாலையின் முற்றத்தில், வீட்டின் முன்முனை, அதை நாங்கள் மூக்கு என்போம், ட்ரக்கின் கொக்கியில் தாழ்ந்து கிடக்கும். டிரைவர் வந்து காற்றழுத்தத்தில் கொக்கியைத் தூக்கி, வீட்டை மட்டமாக நிறுத்துவார். அதற்குப் பிறகுதான் முன்வண்டிக்காரி அளப்பாள். அளந்து எண்ணைச் சத்தமாகக் கத்துவாள். டிரைவர் அதே எண்ணைத் திருப்பிக் கத்துவார். சர்ச்சில் ஆமென் சொல்வதுபோலத்தான், அதைச் சொல்லாமல் எந்த வீடும் வாசலைத் தாண்டாது.

இன்று காலை முற்றத்தில் நாலைந்து பேர் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். “பாத்து அளக்கச் சொல்லுங்கடா, கூர பத்திரம்!” என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது பற்றிக்கொண்டது. அவர்கள் கண்முன்னால் மெதுவாக நின்று அளக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஹாய்ட் அலுவலகத்துக்குள் இருந்தார். அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போய் விறுவிறுவென்று அளந்தேன். அவர் வெளியே வந்ததும், “பதினஞ்சடி ஒண்ணு!” என்று கத்தினேன். “பதினஞ்சடி ஒண்ணு!” என்று அவரும் கத்தினார். அந்த எண்ணைப் பெர்மிட் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ட்ரக்கில் ஏறினார். புஸ்ஸென்று சத்தம் கேட்டது. புல் மேய்ந்த மாடு தலை தூக்குவதுபோல வீடு மூக்கைத் தூக்கியது.

நான் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு கழியை முடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

மூக்கு தூக்கினால் நான்கைந்து அங்குலம் ஏறும். அதையும் கூட்டித்தான் நான் கத்தினேன் என்று ஹாய்ட் நினைத்திருப்பார். அப்படியென்றால் பின்னால் வருவது பதினைந்தடி ஒன்று இல்லை. பதினைந்தடி ஆறாக இருக்கலாம். என் கழி அதைவிடக் குட்டை. இனி எத்தனை பாலம் வந்தாலும் கழி பேசாது, வீடுதான் பேசும்.

வழித்தாளைப் புரட்டினேன். அடுத்த பாலம் சந்திக்கு உள்ளே, எங்களுக்குக் குறுக்கே மேலே ஏறிப்போகும் கிளைச்சாலை. பதினைந்தடி ஐந்து. முக்கால் மைல்.

என்ன செய்வது என்று ஓடிய நினைப்பையெல்லாம் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது உண்மை இல்லை. வலது கிளைதான் முதலில் வந்தது. “வலது பக்கம் ஒடிங்க” என்றால் போதும், அந்தப் பாலத்துக்கு முன்னாலேயே பிரிந்துவிடலாம். லேன் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மக்கர் சந்தியில் லேன் தவறாதவர் யார்? ஒரு திட்டு, ஓர் அபராதம், அத்தோடு போயிற்று. நான் அளந்த கதை யாருக்கும் தெரியாது. ரேடியோவின் பொத்தானை அழுத்திவிட்டேன். அப்போதுதான் அந்தக் கிளை எப்படி வளைகிறது என்று கண்ணில் பட்டது. எழுபதடி வீடு அதில் திரும்பாது. சுவரில் சாய்ந்து கவிழும். கீழே இன்னொரு சாலை, அதில் வரிசை வரிசையாகக் கார்கள். பக்கத்து லேனில் ஒருத்தி கண்ணாடியைப் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனாள். அவளைப்போல எத்தனையோ பேர் கீழேயும் போய்க்கொண்டிருப்பார்கள்.

“என்ன தாயி, பொத்தான அமுக்கிட்டு பேசாம இருக்க?”

“நிறுத்துங்க.”

“என்னது?”

“நிறுத்துங்க ஹாய்ட்! லேனெல்லாம் விடுங்க, அப்படியே நிறுத்துங்க! ரான்டெல், எல்லாத்தையும் சாத்து!”

வீட்டை நிறுத்துவது கார் நிறுத்துவது மாதிரி இல்லை. பிரேக் பிடித்த இடத்திலிருந்து அது தன் இஷ்டத்துக்குக் கொஞ்ச தூரம் வரும். கண்ணாடியில் அந்த வெள்ளை மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. டயர் கருகும் நாற்றம். பாலத்தின் நிழலுக்குள் என் கார் நுழைந்து நின்றது. கழி தட்டவில்லை. வீடு நிழலுக்கு முப்பதடி முன்னால் நின்றது.

அடுத்த நொடி ஹாரன்கள். நான்கு லேனிலும், மேலே போகும் கிளைகளிலும். சாலையில் போகிற லாரிக்காரர்கள் எல்லாரும் பேசுகிற வெளி ரேடியோவில் ஒருவன், “யாருடா அது நடுரோட்டுல குடித்தனம் வெச்சது? பால் காய்ச்சியாச்சா?” என்றான். இன்னொருவன் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னான். மூன்று மணிக்கு ஒரு நகரத்தையே நிறுத்தி வைத்துவிட்டேன்.

ஹாய்ட் இறங்கி வந்தார். அறுபத்து மூன்று வயது, தொப்பி, இடுப்பில் வலி. “கழி தட்டிச்சா?”

“தட்டல.”

“பின்ன எதுக்கும்மா?”

கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மூக்கின் உச்சிக்குக் கோலை நிமிர்த்தினார். ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பதினைந்தடி ஆறு. பிறகு குனிந்து கொக்கியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

நாங்கள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் போலீஸ் கார் எதிர்ப்பக்கச் சரிவில் ஏறி வந்து நின்றது. இறங்கியவள் முப்பது வயதுக்காரி. பெயர்ப்பட்டையில் பெட்டவே என்று இருந்தது.

“ஐயா, எங்க அம்மா வீட்டுக்குப் போற வழி இது. அடைச்சுட்டீங்க. என்ன விஷயம்?”

“ஒசரம் கூடிப்போச்சு, அம்மா” என்றார் ஹாய்ட்.

அவள் பெர்மிட் தாளை வாங்கிப் பார்த்தாள். கோலைப் பார்த்தாள். “தாள்ல பதினஞ்சடி ஒண்ணு. நிக்கிறது பதினஞ்சடி ஆறு. அஞ்சு அங்குலம் ராத்திரியில வளந்துருச்சா? யாரு அளந்தது?”

“நான்தான்” என்றார் ஹாய்ட்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பெட்டவே எழுதத் தொடங்கினாள். “பொய் உயரம் எழுதி ஓட்டினா என்ன ஆகும்னு தெரியுமில்ல ஐயா? முப்பது வருஷமா ஓட்டறீங்க போல.”

“முப்பத்தஞ்சு.”

நான் பேசவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், பேசவில்லை. அவர் தானாகவே ஒப்புக்கொண்டார், நான் கேட்கவில்லை, அவருக்குப் பெயர் இருக்கிறது, தாங்குவார், எனக்கு என்ன இருக்கிறது என்றெல்லாம் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. கண் தானாகக் கீழே போயிற்று. செருப்பு தெரிந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. கோழித் தொழிற்சாலையில் இத்தனை மாதம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத நாற்றம் அதுதான்.

“அவரு அளக்கல” என்றேன்.

பெட்டவே நிமிர்ந்தாள். “என்னம்மா?”

“நான் அளந்தேன். மூக்கத் தூக்கறதுக்கு முன்னாடி அளந்துட்டேன். அவரு உள்ள இருந்தாரு. நான் கத்தின நம்பரத்தான் எழுதினாரு.”

“இவ சும்மா சொல்றா” என்றார் ஹாய்ட்.

“பெரியவரே, வாய மூடுங்க!” என்று கத்தினேன். “முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டினவரு மூக்கத் தூக்காம அளப்பாரா? இவங்க நம்பினாலும் அந்த முற்றத்துல ஒரு நாய்கூட நம்பாது.”

ஹாரன் சத்தத்துக்கு நடுவில் பெட்டவே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாராச்சும் ஒருத்தர் முடிவு பண்ணுங்க. மூணு மைலுக்கு வண்டி நிக்குது. எனக்கே தல வலிக்குது.”

“நான்தான்” என்றேன். “இதுக்கு முன்னாடியும் ஒரு தடவ பண்ணியிருக்கேன். மான்ட்கமரில. அப்ப சொல்லல.”

அதை ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றைத் துப்பியதும் மற்றதும் சேர்ந்து வந்துவிட்டது. பெட்டவே பேனாவை நிறுத்தினாள். பிறகு என் வழிகாட்டி உரிம அட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். “விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. தொண்ணூறு நாள் வண்டில கழி வெக்கக் கூடாது. அதுக்கு மேலயும் ஆகலாம்.”

“சரிங்க.”

“ஐயா, உங்களுக்கு அபராதம் மட்டும். தாள்ல கையெழுத்து உங்களது.” திரும்பி வீட்டைப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் மறிபட்டு நின்ற நகரத்தைப் பார்த்தாள். “இத இங்கிருந்து யாரு கொண்டுபோறது?”

கழி வைத்த கார் என்னுடையது ஒன்றுதான். ரான்டெல் பின்னால் லேன்களுக்குக் குறுக்கே நின்று கடலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டவே பெருமூச்சு விட்டாள். “மாவட்ட எல்லை வரைக்கும் நீயே கொண்டுபோம்மா. நான் முன்னாடி விளக்குப் போட்டுட்டு வர்றேன். எல்லை தாண்டினதும் கழியக் கழட்டிரணும்.”

ஹாய்ட் ஏறி, புஸ்ஸென்று மூக்கை இறக்கினார். இறக்கிய பிறகு நான் அளந்தேன். முன்னால், நடுவில், பின்னால், மூன்று இடத்திலும், அவசரமில்லாமல் அளந்தேன். மூன்று மைல் ஹாரனும் என் முதுகுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணைக் கத்தினேன். ஹாய்ட் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திருப்பிக் கத்தினார். மூக்கு தாழ்ந்த வீடு பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. நான் காரை நகர்த்துவதும் கண்ணாடியைப் பார்ப்பதுமாக, “வாங்க... வாங்க... இன்னும் ஒரு முழம்... வாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கூரைக்கும் பாலத்துக்கும் நடுவில் நான்கு விரல் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் தீருவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

சந்திக்குப் பிறகு மூன்று கிளைகள், இரண்டு இடதுபக்க வெளிவழிகள், வேலை நடக்கும் இடத்தில் வளைத்துவிட்ட லேன்கள். ஒவ்வொன்றுக்கும் ஹாய்ட் கேட்டார், நான் சொன்னேன்.

எல்லை தாண்டி, லாரிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினோம். பெட்டவே ஹாரன் ஒன்று அடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். மீதித் தூரத்துக்கு வேறு ஒருத்தியை அனுப்பச் சொல்லி ஹாய்ட் போனில் பேசினார். நான் கழியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு திருகு கை நழுவிக் கீழே விழுந்து உருண்டது. ஹாய்ட் வந்து குனிந்து எடுத்துக் கொடுத்தார். இடுப்பு வலிக்கு அது பெரிய காரியம்.

“நீங்க அளந்தீங்கன்னு எதுக்குச் சொன்னீங்க?” என்று கேட்டேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சண்டைக்குப் போகிற மாதிரி வந்தது குரல். “நான் கேட்டனா?”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“நீ வாயத் தொறக்கமாட்டேன்னு நெனச்சேன், தாயி. நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறத இந்தக் கண்ணால பாக்கணுமேன்னு இருந்துச்சு. அதான் முந்திக்கிட்டேன்.”

அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம். முகமெல்லாம் எரிந்தது. “அப்ப அவ்வளவுதான் நீங்களும் என்னப் பத்தி நெனச்சிருந்தது? அப்பறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“ஆள் கெடைக்கல, கூப்பிட்டேன். நெனச்சது அவ்வளவுதான்.” தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார். “இன்னிக்கு மூணு மணி வரைக்கும்.”

நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புதிய முன்வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஹாய்ட் அங்கேயே என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.